அமைப்புப் பட்டியலும் முதலெழுத்தும்

வேண்டுவன யாவும் ஓரிடத்திற் குவிந்து கிடப்பின், வேண்டிய ஒன்று கைக்கு எட்டாது. கணினி இயங்குதளங்களின் ‘அமைப்புகள்’ என்னும் பட்டியலைக் காணுந்தோறும் எனக்கு இவ்வெண்ணமே எழுகின்றது.

மொரப்பூரில் எங்கள் சபைக் கணக்கெழுதும் என் சிறிய தந்தையார், இயங்குதளம் ஒன்றில் தமிழ் விசைப்பலகையைத் தேடினார். தமிழ்99 என்பதே டாப், திஸ்கி என்னும் அடைமொழிகளோடும் அவையின்றியும் மும்முறை வந்தது. இன்ஸ்கிரிப்ட் வேறு நின்றது. அவர் ஒன்றைத் தேர்ந்தார். திரையிற் பொருளற்ற குறிகளே தோன்றின. “தமிழ் இதற்கு ஆகாது போலும்” என்று மூடிவிட்டார்.

டாப்பும் திஸ்கியும் யூனிகோடு பரவுமுன் வழங்கிய குறியேற்றங்கள். தமிழக அரசு 1999 இல் தமிழ்99 பலகையையும், 2010 இல் யூனிகோடையும் ஏற்றது. ஆயினும் பழையன அப்பட்டியலை விட்டு நீங்கவில்லை. அவற்றை அறவே ஒழிக்கலாமோ எனின், ஆகாது. பழைய ஆவணங்களைத் திருத்துவார்க்கு அவை வேண்டும்.

ஈண்டுத் தொல்காப்பியர் வழிகாட்டுகின்றார். அவர் முதலெழுத்து முப்பதென முன்னிறுத்தி, சார்ந்துவரும் மூன்றினைப் பின்வைத்தார், எதனையும் தள்ளினாரல்லர். தமிழ்99 பலகையும் 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வையாது, மெய்யோடு உயிரைக் கூட்டியே உயிர்மெய்யைப் பிறப்பிக்கின்றது.

அவ்வாறே, பலர்க்கும் பயன்படுவன பட்டியலின் முகப்பில் நிற்க. சிலர்க்கே வேண்டுவன ‘மேலும்’ என்னும் கதவின் பின் இருக்க. ஒவ்வொன்றன் அருகிலும் அஃது யார்க்குரியது என்று ஒருவரி விளக்கம் அமைக. ஒழுங்கென்பது குறைத்தல் மட்டுமன்று, முறைப்படுத்தலுமாம். புதிதாய் வருவோர் தம் தாய்மொழியைத் தேடித் திகையாதிருத்தலே அதன் பயன்.