ஹபா

மதரஸாவின் கிழக்கு ஜன்னல் வழியே சாய்ந்து விழும் காலை வெயிலில் மிதக்கும் தூசியைக் காட்டி, ‘ஹபா என்பது இதுதான்’ என்று மாணவர்க்குப் பொருள் கூறி வந்துள்ளோம். பாழாய்ப்போன அமல்களுக்கு உவமையாகத் திருக்குர்ஆனில் வரும் சொல் அது. எடையற்றது, கையில் அகப்படாதது, எவரையும் எதுவும் செய்யாதது என்று விரித்துரைப்போம். கடைசியாகச் சொன்னது எம் கூற்று. அது பிழை என்பதை ஒரு பட்டறை எமக்குக் கற்பித்தது.

எம்மிடம் ஓதிய ஒருவர் அலுமினியப் பாத்திரங்களுக்கு மெருகேற்றும் பட்டறை நடத்துகிறார். அதனை விரிவாக்கிய நாளில் துஆச் செய்ய எம்மை அழைத்திருந்தார். சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. வேலை செய்த பிள்ளைகளின் இமைகள்கூட நரைத்திருந்தன; உத்தரங்களின் மேல் சாம்பல் நிறப் பொடி திண்டாகப் படிந்திருந்தது. அதைக் கண்டோம், ஒன்றும் கேட்கவில்லை. பரக்கத் வேண்டிக் கையேந்தினோம். எல்லோரும் ஆமீன் கூறினர். விருந்துண்டு திரும்பினோம்.

சில மாதங்களுக்குப் பின், சீனத்தின் ஜியாங்சு மாகாணத்துக் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2ஆம் நாள் நிகழ்ந்ததைப் படிக்க நேர்ந்தது. கார்ச் சக்கரங்களுக்கு மெருகேற்றும் ஆலை அது. காலை ஏழரை மணியளவில் வெடித்துச் சிதறியது. முதலில் வந்த கணக்கு 75 உயிர்கள். தீக்காயமுற்றோர் பலர் பின்னர் மாள, அது 146 ஆயிற்று. வெடித்தது வெடிமருந்தன்று, அலுமினியத் தூசி. தூசி உறிஞ்சும் கருவிகள் நெடுநாள் துப்புரவு செய்யப்படவில்லை என்றும், கலத்தில் தேங்கிய பொடி ஈரம்பட்டுச் சூடேறித் தீப்பற்றியது என்றும் விசாரணையில் வெளிவந்தது.

அடுப்பிலேற்றிய அலுமினியச் சட்டி எரிந்து நாம் கண்டதில்லை. அதே உலோகம் நுண்பொடியானால் ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்துக் கிராம் மிதந்தால் போதும். ஒரு பொறி பட்டதும் அடைத்த இடத்தில் வெடிக்கிறது. முதல் வெடி சிறியதாகவே இருக்கலாம். அதன் அதிர்ச்சி உத்தரத்துத் தூசியை உதறிப் பறக்கவிடுகிறது. அது பற்றி எழும் இரண்டாம் வெடியே பெரும்பாலும் கட்டடத்தை வீழ்த்துகிறது.

படித்த மறுநாளே பட்டறைக்குச் சென்றோம்.

“ஹஜ்ரத், இத்தனை வருஷமாக அல்லாஹ் காப்பாற்றினான், இனியும் காப்பான்” என்றார் அவர்.

“தம்பி, ஒட்டகையைக் கட்டிய பிறகுதான் தவக்குல். உம்முடைய ஒட்டகை அதோ உத்தரத்தின் மேல் அவிழ்ந்து கிடக்கிறது. கீழே நிற்பவர்கள் பிறர் பெற்ற பிள்ளைகள், அவர்கள் உம்மிடம் அமானிதம்” என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், துறையறிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தார். சக்கரத்தை ஒட்டியே உறிஞ்சு குழாயின் வாய் அமைந்தது. தூசி சேரும் பெட்டி கட்டடத்துக்கு வெளியே சென்றது. மின்பொறி எழாதிருக்கக் குழாய்கள் பூமியோடு கம்பியால் இணைக்கப்பட்டன. பொறி பறக்கும் இரும்பு வேலை வேறிடம் போயிற்று. காற்றழுத்தக் குழலால் தூசியை ஊதித் தள்ளும் வழக்கம் நின்றது. எரியும் அலுமினியப் பொடியில் நீரூற்றினால் ஹைட்ரஜன் வாயு எழுந்து தீயைப் பெருக்கும் என்பதால், உலர்ந்த மணல் வாளிகள் வந்தன. உம்ராவுக்கென அவர் சேர்த்திருந்த பணத்தில் பாதி இதற்கே செலவாயிற்று. அது குறைந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை.

அன்று ஏந்திய கைகளை நினைத்தால் இன்றும் நாணம் வருகிறது. பாதுகாப்பை அல்லாஹ்விடம் கேட்ட நாவு, கண்ணெதிரே கிடந்ததைப் பற்றி அடியானிடம் ஒரு சொல் கேட்கவில்லையே! இப்போது எந்தப் பட்டறைக்கு துஆவுக்கு அழைத்தாலும், கையேந்துமுன் உத்தரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறோம்.