மாமாவின் கசெட்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கசெட் இருக்கிறது. அறுபது நிமிடக் கசெட். மேலே ஒட்டிய தாளில் மாமாவின் கையெழுத்தில் "ஆலை, 1983" என்று மட்டும் எழுதியிருக்கும். அதன் முதற்பக்கத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் அழித்தவள் நான்தான்.

அப்போது எட்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்த் தினப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். நமது குரலை நாமே கேட்டால் பிழை தெரியும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். உம்மா வெளியே போன நேரம் பார்த்து, கையில் அகப்பட்ட கசெட்டை றெக்கோடரில் போட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு தடவை பேசினேன். பிறகு பின்னால் சுற்றிக் கேட்டபோது, என் "நன்றி, வணக்கம்" முடிந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் ஒரு கிட்டார், பாட்டின் நடுவிலிருந்து.

மாமா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். அங்கே யாரோ ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனபோது நடந்த பிரியாவிடையில் அவர் வாசித்தார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிநேகிதர் ஒருவர் மேடை ஓரத்தில் றெக்கோடரை வைத்திருக்கிறார். அதனால் கிட்டாரோடு கதிரை இழுபடும் சத்தமும், ஒரு பிள்ளையின் அழுகையும், தமிழிலும் சிங்களத்திலும் யார் யாரோ கதைப்பதும் சேர்ந்தே கேட்கும். ஓரிடத்தில் மாமா பிழையாக வாசித்துவிட்டுச் சிரிக்கிறார். பிறகு அந்தக் கிட்டாரை விற்றுத்தான் சவூதிக்குப் போக ஏஜென்சிக்குக் காசு கட்டினார். திரும்பி வந்து ஓட்டமாவடியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை போட்டவர், ஒரு நாளும் கிட்டாரைப் பற்றிக் கதைத்ததில்லை.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன்.

"அழிஞ்சது அழிஞ்சிட்டு, புள்ள. விடு" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இளையராஜா ஆரென்று தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாதவர் உண்டா? ஆனால் மாமா சொன்னது கிட்டார்காரர் இளையராஜாவைப் பற்றி. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர் அவர். 1968இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி. கே. வெங்கடேஷிடமும் சலில் சௌத்ரியிடமும் வாசித்தார். எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் அண்ணன் பாஸ்கர், தம்பி கங்கை அமரனோடு மேடை மேடையாக ஏறினார். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகுதான் பெயர். அதற்கு முன் அவர் வாசித்த பாட்டுகளின் இசைத்தட்டுகளில் பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும். கிட்டார் வாசித்தவர் பெயர் இராது.

"அந்த மேடைக்கு முன்னால இருந்தவங்க எல்லாரும் எஸ்.பி.பி.யப் பாத்திருப்பாங்க. பின்னால கிட்டாரோட நிண்ட பொடியன ஆரு பாத்திருப்பாங்க?" என்றார் மாமா.

பல வருடங்களின் பின் ஜிமி ஹென்ட்ரிக்ஸைப் பற்றி வாசித்தபோது இந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பின இளைஞர். 1965இல் கர்ட்டிஸ் நைட் என்ற பாடகரின் குழுவில், சின்னச் சின்ன விடுதிகளில் பின்னால் நின்று வாசித்தவர். அவற்றில் சில பதிவாகின. 1967இல் ஹென்ட்ரிக்ஸ் உலகப் புகழ் பெற்றதும், அந்தக் குழுவின் பழைய பதிவுகள் அவருடைய படத்தை அட்டையில் போட்டு விற்பனைக்கு வந்துவிட்டன. 1970இல், இருபத்தேழு வயதில் அவர் இறந்த பிறகும் வந்துகொண்டே இருந்தன. புகழ் வராமல் போயிருந்தால் அந்த நாடாக்களும் யாருடைய பேச்சுப் போட்டிக்குப் போயிருக்குமோ!

கசெட்டின் மேல்விளிம்பில், இரு மூலைகளிலும் சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் பிறகு பதிய முடியாது. றெக்கோடரின் சிவப்புப் பொத்தான் இறங்காது. கடையில் வாங்கும் பாட்டுக் கசெட்டுகளில் அது இல்லாமலேதான் வரும். மாமா உடைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வேற பாட்டுப் பதியத் தேவைப்படும் என்டு நினச்சன்."

தன் வாசிப்பைத் தானே அப்படி நினைத்திருக்கிறார். நான் அழித்ததைவிட இந்தப் பதில்தான் எனக்கு நீண்ட நாள் வலித்தது.

அன்று மாமா கசெட்டைக் கேட்டு வாங்கினார். மிச்சத்தைப் போட்டுக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த சாவியின் நுனியால் இரண்டு தகடுகளையும் நெம்பி உடைத்துவிட்டு என் கையில் தந்தார். என் பேச்சை அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கலாம்; அதற்கும் இப்போது வழியில்லை.

ஆகவே இன்றும் அந்தக் கசெட்டைப் போட்டால் முதலில் "அவையோருக்கு என் பணிவான வணக்கங்கள்" என்று ஒரு கீச்சுக்குரல், இரண்டு தடவை. பிறகு 'டக்'. பிறகு மாமா. போட்டியில் எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.