கிட்டங்கி தாண்டி வந்த வினாத்தாள்

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர்களுக்கும், விடுமுறைக்கு ஊர் வந்த நேரத்திலும் எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பித்த வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களுக்கும்,

அன்பான பிள்ளைகளே,

உங்களில் ஓரிருவரைத் தவிர மற்றவர்களை நான் கண்டதில்லை. உயர்தர மாணவர்களுக்கு நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் வினாத்தாள் தலைப்பில்தான் உங்கள் பீடத்தின் பெயரை முதலில் வாசித்தேன். என் மகள் 2024ஆம் ஆண்டு உயர்தரம் எழுதியவள். கணிதப் பிரிவு. நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வரைக்கும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தெரியும். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் என் கைக்கு எட்டாதவை. அவள் மேசையில் குனிந்திருக்கும்போது தேநீர் ஊற்றிக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இடத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். அதற்காகத்தான் இந்த மடல். தனியே எழுதாமல் எல்லோரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலையின் அருமை எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலருக்கே தெரியாது.

சொறிக்கல்முனை எங்கே இருக்கிறது என்று உங்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் மலையகத்துப் பிள்ளைகளும் கேட்கக்கூடும். அம்பாறை மாவட்டத்தில், நாவிதன்வெளிப் பிரதேசத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிற கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம். செப்டம்பர் 14இல் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வெளியூர்ச் சனம் எங்களைத் தேடி வரும். மற்றக் காலமெல்லாம் எதற்கும் நாங்கள்தான் வெளியே போகவேண்டும். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்முனை. கணிதப் பிரிவில் படிக்கவும் கல்முனை. போகிற வழியில் கிட்டங்கித் தாம்போதி. மாரி பிடித்துவிட்டால் அந்தத் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். ரியூஷனுக்குப் போன பிள்ளை திரும்பி வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

பல்கலைக்கழக அனுமதியின் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கலைப்பிரிவு போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரியும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அம்பாறையும் அதில் ஒன்று. இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இது இல்லையென்றால் எங்கள் மாவட்டத்திலிருந்து வைத்தியரும் பொறியியலாளரும் இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒதுக்கீடு மாவட்டம் வரைக்கும்தான் வரும், ஊர் வரைக்கும் வராது. அம்பாறை நகரத்துப் பிள்ளையும், கல்முனையிலும் சம்மாந்துறையிலும் பெயர்பெற்ற பாடசாலைகளில் படிக்கும் பிள்ளையும், எங்கள் பக்கத்து மத்தியமுகாமிலும் சொறிக்கல்முனையிலும் இருந்து சைக்கிள் மிதித்து வரும் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் நிற்கவேண்டும். நல்ல ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாரா என்று, அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கேட்பதில்லை. மாவட்டத்துக்குக் கீழே இருக்கும் அந்தத் தூரத்துக்கு அரசாங்கத்திடம் ஒரு சூத்திரமும் இல்லை. அதை நீங்கள் கால்நடையாகவும் இரவு பஸ்ஸிலும் கடந்து வந்தீர்கள்.

உங்கள் பரீட்சைக்கு நாங்கள் கல்முனைக்குப் போனோம். உள்ளே பிள்ளைகள் எழுத, வெளியே மர நிழலில் பெற்றோர். மத்தியமுகாமிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் உம்மாவும் நானும் ஒரு வாங்கில் இருந்தோம். முன்பின் அறிமுகமில்லை. “டீச்சர், நம்மட புள்ளைகளுக்கு இவ்வளவு கஷ்டமான பேப்பர் குடுக்கலாமா?” என்று அவர் கேட்டார். கடைசி மணி அடித்து வெளியே வந்த இரண்டு பிள்ளைகளின் முகமும் ஒரே மாதிரி இருண்டிருந்தது.

அந்த இருட்டுக்கு நான் நன்றி சொல்கிறேன், பிள்ளைகளே. உண்மையாகவே சொல்கிறேன். அதுவரைக்கும் என் மகள் தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பச் செய்து, சரி வந்தால் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். பாடசாலைத் தவணைப் பரீட்சையில் நல்ல புள்ளி. கட்டணம் வாங்கும் ஒரு வகுப்பில் “இவளுக்குப் பயமே இல்லை” என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லோரும் அன்பினால்தான் சொன்னார்கள். பெறுபேறு வந்த அன்றுதான் தெரியவந்திருக்கக்கூடிய உண்மையை, திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போதே அவளுக்குக் காட்டியவர்கள் நீங்கள்தான்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு தம்பி விடுமுறையில் வந்திருந்தார். சம்மாந்துறைப் பிள்ளை. கோயில் மண்டபத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்து உங்கள் வினாத்தாளையே மறுபடி எழுதச் சொன்னார். புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே திருத்தினார். மகளின் தாளில் உராய்வு பற்றிய ஒரு கணக்கு. விடை சரி. நானே புத்தகத்தில் பார்த்தேன், அதே விடை. ஆனால் சிவப்புப் பேனாவால் பக்கவாட்டில் எழுதியிருந்தார்: “படம் எங்கே? விசைகளைக் குறி. எந்தத் திசையில் தீர்க்கிறாய் என்று எழுது.” ஒவ்வொரு படியாக ஐந்து ஐந்து புள்ளி வெட்டுப்பட்டிருந்தது. இணைந்த கணிதத்தில் ஒரு தாளுக்கு 1000 புள்ளி. ஏ பகுதியில் 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 25. பீ பகுதியில் 7 வினாவில் 5 எழுதவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. கடைசி விடைக்கு அதில் கிடைப்பது கொஞ்சம், போகிற வழிக்குக் கிடைப்பதுதான் அதிகம். என் மகள் வழியை மனசுக்குள்ளேயே நடந்து முடித்துவிட்டு விடையை மட்டும் எழுதிவைத்திருந்தாள்.

“டீச்சர், தங்கச்சிக்குக் கணக்குத் தெரியும். பேப்பர் எழுதத்தான் தெரியல்ல” என்றார் அந்தத் தம்பி. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, ஏ பகுதியின் ஒரு வினாவுக்கு எத்தனை நிமிடம் கொடுக்கலாம், எதில் சிக்கினால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும் என்று பழக்கினார். பௌதிகவியல் பல்தேர்வில் 50 வினாவுக்கு 2 மணித்தியாலம், கல்குலேட்டரும் கொண்டுபோக முடியாது. எந்தப் பெருக்கலைத் தோராயமாக முடிக்கலாம் என்று அவர் காட்டியதைப் பிள்ளைகள் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான் அதே தாளை எழுதியவர். பயம் இன்னும் அவருக்கு மறக்கவில்லை. அதனால்தான் அவர் சொன்னது பிள்ளைகளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். வயதுபோன எங்களால் இதைச் செய்ய முடியாது. நாங்கள் பயத்தை மறந்து வெகுகாலம்.

உங்கள் பக்கத்து வேலையையும் நான் யோசித்துப் பார்க்கிறேன். வினா ஆக்கவேண்டும். முந்தைய ஆண்டுகளில் வராததாகவும் பாடத்திட்டத்துக்குள் நிற்பதாகவும் இருக்கவேண்டும். தமிழில் தட்டச்சு செய்யவேண்டும். ஒரு கீழ்க்குறி மாறினால் கணக்கே பிழைத்துவிடும், ஆகவே இன்னொருவர் செய்து பார்க்கவேண்டும். வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் தாள் போய்ச் சேரவேண்டும். பிறகு திருத்தல். இதெல்லாம் உங்கள் சொந்த விரிவுரைகளுக்கும் செமஸ்டர் பரீட்சைகளுக்கும் நடுவில். உங்களில் பலர் மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் சாப்பாட்டுக்கணக்குப் பார்ப்பவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதியில் வறுமைக்கு எதிரான சட்டத்தின் கீழ் ‘அப்வர்ட் பவுண்ட்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கல்லூரிகளுக்குள் அழைத்துக் கோடை விடுமுறையில் படிப்பிப்பது. செலவு அரசாங்கத்துடையது, இன்றும் நடக்கிறது. எங்கள் நாட்டில் அதே வேலையை இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள். பல்கலைக்கழகங்களும் கல்வி அமைச்சும் இதில் பாதிச் சுமையையாவது தோளில் வாங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அச்சுச் செலவுக்கு நீங்கள் கடைகடையாக ஏறி இறங்கக்கூடாது.

எங்கள் கிழக்குக் கரைக்குப் பல்கலைக்கழகம் ஒன்றும் தூரத்துக் கனவல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். யுத்த காலத்தில் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாமல் இடம்பெயர்ந்த மாணவர்களுக்காக 1995இல் எங்கள் மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டே அது, இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அதற்குப் பாடுபட்ட எம்.எச்.எம். அஷ்ரப் இந்தக் கரையின் பிள்ளைதான். கட்டிடம் பக்கத்தில் வந்துவிட்டது. அதன் வாசலுக்கு ஒரு பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பல வீடுகளில் இன்றும் தெரியாது.

2024 நவம்பர் 25இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. அடுத்த நாளே மழை ஊரை மூடியது. காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மத்ரசாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு வெள்ளம் கொண்டுபோனது அன்றுதான். அந்த உம்மாமாரை நினைத்து எங்கள் கோயிலிலும் செபம் சொன்னோம். 27ஆம் தேதியிலிருந்து பரீட்சையை நிறுத்தி, டிசம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கினார்கள். மின்சாரம் போன அந்த இரவுகளில், நனையாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த உங்கள் தாள்களைத்தான் மகள் விளக்கு வெளிச்சத்தில் மறுபடி மறுபடி செய்தாள். ஒவ்வொரு கணக்கிலும் முதலில் படம் கீறினாள்.

பெறுபேறு வந்த பிறகு நீங்கள் செய்த உதவியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது முதல் உதவியைவிடப் பெரிதாகப் பட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் விழித்தோம். கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அதை விருப்ப வரிசையில் நிரப்பவேண்டும். “கிடைக்காததை மேலே போட்டால் உள்ளதும் போய்விடும்” என்று ஊரில் ஒருவர் சொல்ல, மகள் தான் ஆசைப்பட்டதைக் கீழே தள்ளிவிட்டாள். ஒலுவிலில் படிக்கும் ஒரு தங்கச்சி தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னார்: “பயந்து போடாதீங்க. உங்கட புள்ளிக்குக் கிடைக்கிறதில எது மேல இருக்கோ அதத்தான் தருவாங்க. விருப்பமானத மேல போடுங்க.” ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எங்களோடு வரிசை வரிசையாகப் பார்த்தார். முந்தைய ஆண்டுகளின் அம்பாறை வெட்டுப்புள்ளிகளை அனுப்பிவைத்தார். மகள் வரிசையை மாற்றினாள். இன்று அவள் தான் விரும்பிய பொறியியலையே ஒலுவிலில் படிக்கிறாள். அந்த ஒரு மணித்தியாலம் இல்லையென்றால் அவள் தனக்கு மனமில்லாத ஒன்றில் நான்கு வருடம் இருந்திருப்பாள்.

மத்தியமுகாம் பிள்ளைக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. சொல்லாமல் விடமுடியாது. அவள் அழுதாள், பிறகு இரண்டாம் தடவைக்கு உட்கார்ந்தாள். மகளிடம் இருந்த உங்கள் தாள்கள் எல்லாம் போட்டோகொப்பி அடித்து அவள் வீட்டுக்குப் போய்விட்டன. மகள் லீவில் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் இருந்து கணக்குச் செய்கிறார்கள். நாற்பதாயிரத்துச் சொச்ச இடத்துக்கு மூன்று இலட்சம் பேர் எழுதும் பரீட்சையில், ஒரே மாவட்டத்துப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் போட்டியாளர்தான். நீங்கள் அப்படி நினைக்கவில்லை. என் மகளும் இப்போது அப்படி நினைப்பதில்லை. கல்முனைப் பக்கத்தில் எதைப் பிரிப்பது, தமிழர் முஸ்லிம்களில் யாருக்கு எந்த எல்லை என்று பெரியவர்கள் பேசாத நாளில்லை. உங்கள் பரீட்சை மண்டபத்தில் சுட்டெண் வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்த எல்லை ஒன்றும் குறுக்கே வரவில்லை.

நன்றி சொல்லும் மடலில் ஒரு கேள்வியும் கேட்கிறேன், ஒரு தாய் என்ற உரிமையில். அடுத்த முறை ஒரு பரீட்சை நிலையத்தைக் கிட்டங்கிக்கு இப்பால், நாவிதன்வெளிப் பக்கத்தில் வைக்க முடியுமா? எங்கள் ஊரிலோ மத்தியமுகாமிலோ எங்கே என்றாலும் சரி. மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். மேசை கதிரைக்குப் பாடசாலையோடு பேசுவது என் பொறுப்பு. தாள் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு இரவு தங்க இடமும் காலைச் சாப்பாடும் எங்கள் வீடுகளில். தேதியை மட்டும் மாரிக்கு முந்தி வையுங்கள்.

இப்படிக்கு,
சொறிக்கல்முனையிலிருந்து ஒரு தாய்