அந்தக் கடைசி ரெய்டு

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நான் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். ஆற்றைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. தெருவெல்லாம் ஈகிள்ஸ் அணியின் பச்சைக் கொடி. அன்று இரவு நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல். பேரன் பள்ளி அணியில் ஆடுகிறவன், மதியத்திலிருந்தே சாப்பிடாமல் திரிந்தான்.

எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் முட்டி மோதி விழுகிற ஆட்டம், அவ்வளவுதான். நாலு விநாடி ஆட்டம், நாற்பது விநாடி பேச்சு, நடுவில் விளம்பரம். பேரன்தான் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“தாத்தா, நீங்க கபடி சொல்லிக்கொடுத்தவங்கதானே? எதிர் டீம்ல பெரிய ரைடர் இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“எல்லாரும் சேர்ந்து பாய்ஞ்சு அமுக்கச் சொல்வேன்.”

“மஹோம்ஸ்கிட்ட அதைப் பண்ணினா செத்தோம்” என்று சிரித்தான்.

பாட்ரிக் மஹோம்ஸ், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். பந்து இவர் கைக்கு வந்துதான் எங்கே போவதென்று தீர்மானமாகும். தடுக்கிற அணியில் 11 பேர். வழக்கமாக நாலு பேர் இவரை நோக்கிப் பாய்வார்கள், ஏழு பேர் பின்னால் நின்று பந்து பிடிக்க ஓடுகிறவர்களைக் காப்பார்கள். ஐந்து, ஆறு பேரை அனுப்பினால் அதற்கு பிளிட்ஸ் என்று பெயர். சாதாரண ஆள் என்றால் பதறிவிடுவார். மஹோம்ஸுக்கோ அது கொண்டாட்டம். பாய்ந்தவன் விட்டு வந்த இடம் எதுவோ, பந்து அங்கேதான் போகும்.

பேரன் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். 2020 நவம்பரில் டாம்பா பே அணி, டைரீக் ஹில் என்கிற மின்னல் ஓட்டக்காரரை ஒற்றை ஆளை விட்டுக் காத்தது. முதல் கால்பகுதியிலேயே அவர் 203 கெஜம் வாரிக்கொண்டு போனார். அதே டாம்பா அணி 2021 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் அதே சீஃப்ஸைச் சந்தித்தபோது பயிற்சியாளர் டாட் பௌல்ஸ் ஆளே மாறிவிட்டார். இரண்டு சேஃப்டிகளை வெகு பின்னால் நிறுத்தினார். முன்னால் சின்னச் சின்னதாக எறிகிறாயா, எறிந்துகொள். தலைக்கு மேலே மட்டும் விடமாட்டேன். பிளிட்ஸ் மிகக் குறைவு. முடிவு 31-9. சீஃப்ஸுக்கு ஓரத்தைக் காக்கும் வழக்கமான இரண்டு தடுப்பாளர்களும் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதை விட்டுவிட்டு திட்டத்தை மட்டும் புகழ்ந்தால் கணக்கு வாத்தியாருக்கு அழகில்லை.

2023இல் இதே ஈகிள்ஸ் இதே சீஃப்ஸிடம் 38-35 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் எதிரணி குவார்ட்டர்பேக்குகளை 70 முறை சாய்த்த அணி, அன்று மஹோம்ஸை ஒருமுறைகூடச் சாய்க்கவில்லை. பேரன் அன்று இரவு அழுதான் என்று மகள் போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

இந்த முறை தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பு விக் ஃபேன்ஜியோ என்கிற பெரியவர். என் வயதை ஒட்டியவர், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. ஆட்டம் முழுக்க ஒரு பிளிட்ஸ்கூட இல்லை! நாலே பேர். அந்த நாலு பேரும் கண்மூடிக்கொண்டு ஓடவில்லை. ஓரத்தில் வருகிறவன் மஹோம்ஸைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் அந்த இடைவெளியில் அவர் நழுவிவிடுவார். அதனால் ஆளுக்கொரு தடம் பிடித்து, நாலு பக்கச் சுவர் நெருங்குவதுபோல வந்தார்கள். பின்னால் ஏழு பேர் அவசரமே இல்லாமல் காத்து நின்றார்கள். ஆறுமுறை சாய்த்தார்கள். கூப்பர் டிஜீன் என்ற இளைஞர் பந்தை இடைமறித்து 38 கெஜம் ஓடி எல்லையில் வைத்தார். அன்று அவருக்கு 22ஆவது பிறந்தநாளாம். இடைவேளையில் 24-0. கடைசியில் 40-22.

பேரன் சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். எனக்கு 1994 ஞாபகம்.

பழைய மாணவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். உடற்கல்வி ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால் கணக்கு வாத்தியாரான நான்தான் கபடி அணியைக் கவனித்தேன். மாவட்ட இறுதி ஆட்டம். நாம் ஒரு புள்ளி முன்னிலை. எதிரணியின் கடைசி ரெய்டு. நம் பக்கம் ஐந்து பேர். யாரையும் தொடாமல் அவன் திரும்பிப் போனாலே கோப்பை நமக்கு. இடது கார்னரில் நின்ற பையன் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கிக்கொண்டே இருந்தான். அன்று அந்த ரைடரை மூன்று முறை கணுக்காலில் பிடித்தவன் அவன்தான், மூன்று முறையும் அவன் முதுகு திரும்பும்வரை காத்திருந்து. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “பிடிடா, என்னடா வேடிக்கை பார்க்கிறே!” என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன்.

பாய்ந்தான். ரைடர் எகிறித் தாண்டினான், போகிற போக்கில் பக்கத்தில் நின்றவனையும் தட்டிவிட்டுப் போனான். இரண்டு புள்ளி.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் பார்க்க அந்தப் பையனைக் கன்னத்தில் அறைந்தேன். “சார், நீங்கதான்...” என்று ஆரம்பித்தான், முடிக்கவிடவில்லை. மறுநாள் பயிற்சிக்கு அவன் வரவில்லை. அதன்பிறகு வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஆசிரியர் தினத்துக்கும் பொங்கலுக்கும் தவறாமல் “வணக்கம் சார்” என்று போடுகிறாய். நான் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அன்று நீ பின்வாங்கியதுதான் சரியான ஆட்டம். கத்தியதும் தப்பு, அடித்தது அதைவிடத் தப்பு. எல்லார் முன்னாலும் அடித்ததால் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. விருப்பமிருந்தால் நீயே சொல்லிக்கொள்.

சித்திரைக்கு ஊரில் இருப்பேன். ஒருநாள் உன் வீட்டுக்கு வரலாமா? போனில் கேட்கத் தைரியம் வரவில்லை.