எந்தக் காலத்துக் கொற்கை?

லீவுக்கு வந்த பேரன் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஆளுக்கொரு வேடம். ஊரையும் காலத்தையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டுமாம்.

"நம்ம கொற்கைதான் தாத்தா. பாண்டியர் காலம்."

அந்தக் காலம் என்றால் எல்லோருக்கும் இளவரசன் வேடம்தான் நினைவு வருகிறது! 1-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. கைதி வேடம் யாருக்கு என்று கேட்டேன். பையன் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து, "மந்திரவாதி இருக்கானா?" என்றான்.

இருக்கிறான், ஆனால் 13-ஆம் நூற்றாண்டில். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில் மார்க்கோ போலோவை வாசித்திருக்கிறேன். முத்தில் அரசனுக்கு 10-இல் ஒரு பங்கு. சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு 20-இல் ஒரு பங்கு. நம் பக்கத்தில் அவரைக் கடல்கட்டி என்பார்கள். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவாராம். அப்புறம் ராத்திரியில் திருட்டுக் குளிப்புக்கு எவன் இறங்குவான்?

சங்கடம் என்னவென்றால், அதற்குள் கடல் கொற்கையை விட்டு விலகி, கப்பலெல்லாம் காயலுக்குப் போய்விட்டது. ஊர் வேண்டுமென்றால் மந்திரவாதி இல்லை. மந்திரவாதி வேண்டுமென்றால் ஊரை விட வேண்டும்.

அரைமணி நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "காயல்தான் தாத்தா. ஆனா என் ஆள் கொற்கைக்காரன். கடல் போயிருச்சுன்னு அங்க வேலை தேடி நடந்தே வாரான்."