சுல்தான் கொடுத்த வீடு

ஸ்பெயினின் தரீஃபா துறைமுகத்தில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆப்பிரிக்கா வந்துவிடுகிறது. ஜிப்ரால்டர் நீரிணையின் இரு கரைகளும் ஒருசேரக் கண்ணில் பட, நான் பழைய பாய்மரக் கப்பல்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போன ஒவ்வொரு வணிகக் கப்பலும் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டியிருந்தது. வாசலின் தென்கரை மொராக்கோ சுல்தானுடையது.

படகு சேரும் டாஞ்சியரில், பழைய நகரத்தின் மதிலையொட்டி, அமெரிக்காவின் பெயரையே தாங்கிய ஒரு சந்து இருக்கிறது. சந்தின் இருபுறமும் ஒரே கட்டடம். தலைக்கு மேலே வளைவுப் பாலம் போட்டு இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். வெயில் பட்டுப் பளிச்சிடும் வெள்ளைச் சுவர்கள், உள்ளே முற்றம், குளுமை. 1821-இல் சுல்தான் மௌலாய் சுலைமான் அமெரிக்க அரசுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த வீடு இது. வெளிநாட்டு மண்ணில் அமெரிக்க அரசுக்குச் சொந்தமான முதல் சொத்து. இன்று உலகெங்கும் தூதரகங்களும் படைத்தளங்களும் வைத்திருக்கும் ஒரு நாடு, வெளியே முதன்முதலாகக் கால் ஊன்றியது ஓர் ஆப்பிரிக்க அரசர் தந்த இடத்தில். வாசற்படியில் நின்றபோது இந்த எண்ணத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கதை அதற்கும் 44 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1777 டிசம்பர் 20 அன்று, சுல்தான் சிடி முகமது பின் அப்துல்லா, தன் துறைமுகங்களுக்குள் தடையின்றி வரலாம் என்று அறிவித்த கப்பல்களின் பட்டியலில் அமெரிக்கக் கொடியையும் சேர்த்தார். முந்தைய நாள்தான் ஜார்ஜ் வாஷிங்டனின் களைத்த படை, குளிர்காலத்தைக் கழிக்க வேலி ஃபோர்ஜ் முகாமுக்குள் நுழைந்திருந்தது. பிரிட்டனுக்கு எதிரான அந்த விடுதலைப் போரில் அவர்கள் ஜெயிப்பார்களா என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. சுல்தான் கணக்கில்லாமல் இதைச் செய்யவில்லை. கடல்வணிகத்தின் சுங்க வருமானத்தை நம்பியவர் அவர். எஸ்ஸவீரா துறைமுக நகரை எழுப்பியவரும் அவரே. ஆனாலும் முதலில் நட்புக்கரம் நீட்டியது அவர்தான்.

அமெரிக்காவிலிருந்து உடன்படிக்கை பேச யாரும் வரவில்லை. போரும் தூரமும் பணமின்மையும் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தன. ஏழாண்டு பொறுத்த சுல்தானின் ஆட்கள், 1784 அக்டோபரில் பெட்ஸி என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்தார்கள். மாலுமிகளை அடிமைகளாக்கவில்லை, பேச்சுவார்த்தைக்கு ஆளனுப்பச் சொல்லும் அழைப்பாகவே அதை வைத்துக்கொண்டார் சுல்தான். ஸ்பெயின் நடுவே நின்று பேச, மறு ஆண்டு கப்பலும் ஆட்களும் விடுதலையானார்கள். 1786-இல் அமெரிக்காவின் சார்பில் தாமஸ் பார்க்ளே மராகேஷுக்கு வந்து உடன்படிக்கையை முடித்தார். ஆண்டுக் கப்பம் என்ற பேச்சே அதில் இல்லை.

இதன் அருமை வட ஆப்பிரிக்காவின் இன்னோர் அரசான அல்ஜியர்ஸைப் பார்த்தால்தான் விளங்கும். விடுதலைக்கு முன் அமெரிக்கக் கப்பல்களைக் காத்தது பிரிட்டனின் பெயர். விடுதலையோடு அந்தக் காப்பு போயிற்று. 1785-இல் அல்ஜியர்ஸ் இரண்டு கப்பல்களைப் பிடித்து 21 பேரைச் சிறைவைத்தது. அவர்களில் பிழைத்திருந்தவர்கள் 1796-இல்தான் விடுதலை பெற்றார்கள். பதினொரு வருடம்! 1795 உடன்படிக்கைக்கு அமெரிக்கா ஒப்புக்கொண்ட தொகை 6,42,500 டாலர். அதற்கு மேல் ஆண்டுதோறும் கப்பல்கட்டுப் பொருட்கள். ஆறு போர்க்கப்பல்கள் கட்ட அதற்கு முந்தைய ஆண்டே, 1794-இல், சட்டம் இயற்றியதற்கு அல்ஜியர்ஸ் கப்பல்களைப் பிடித்த அவமானமே காரணம். பிறகு திரிப்போலியோடு நடந்த போரைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. மொராக்கோவின் பொறுமைக்கு அதில் கால்வாசி இடமாவது கிடைத்திருக்க வேண்டும்.

இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டில், நான் அதிக நேரம் நின்றது ஒரு கடிதத்தின் நகலுக்கு முன்னால். 1789 டிசம்பர் 1 தேதியிட்டு வாஷிங்டன் சுல்தானுக்கு எழுதியது. ஆட்சிமுறையே மாறியதால் பதில் தாமதமாயிற்று என்று விளக்குகிறார். துனிஸ், திரிப்போலி ஆட்சியாளர்களுக்குத் தங்களுக்காகப் பரிந்து எழுதியதற்கு நன்றி சொல்கிறார். எங்கள் நாட்டில் தங்கச் சுரங்கமும் இல்லை, வெள்ளிச் சுரங்கமும் இல்லை, நீண்ட போரின் அழிவிலிருந்து இப்போதுதான் எழுகிறோம் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். தன் ஏழ்மையை இவ்வளவு கண்ணியமாகச் சொல்ல முடிந்த ஒரு தலைவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. அடுத்த ஏப்ரலில் சுல்தான் காலமானார்.

இன்னொரு கடிதம் 1839-இல் தூதர் தாமஸ் கார் எழுதியது. அப்போதைய சுல்தானின் பரிசாக ஒரு சிங்கமும் பெண்சிங்கமும் வாசலுக்கு வந்துவிட்டன. பரிசு வாங்கத் தனக்கு அனுமதி இல்லை என்று மன்றாடிப் பார்த்தார் கார். அப்படியானால் தெருவிலேயே அவிழ்த்துவிடுவேன் என்றார் கொண்டுவந்தவர். வேறு வழியின்றி வீட்டின் ஓர் அறையைச் சிங்கங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார் தூதர்.

அமெரிக்கா தன் தேசிய வரலாற்றுச் சின்னமாக 1982-இல் அறிவித்த இந்த வீட்டைப்போல, வெளிநாட்டில் வேறொன்று அதற்கு இல்லை. டாஞ்சியருக்குப் போகிறவர்கள் கடற்கரையோடும் கஸ்பா கோட்டையோடும் திரும்பிவிட வேண்டாம். இந்தச் சந்துக்குள் வந்து வாஷிங்டனின் கடிதத்தைப் படியுங்கள். மராகேஷில் முடிவான உடன்படிக்கை 1836-இல் புதுப்பிக்கப்பட்டது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.