விவசாயிகள் மகிழ்ச்சி

அரூரில் பல வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் ஒரு தொகை வரும். அது பெட்ரோலுக்கே சரியாகிவிடும். விபத்து, திருவிழா, மறியல் எதுவும் இல்லாத நாளில் பக்கத்தை நிரப்புவது பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அந்தக் கவலை இருக்காது. மழை அளவு இருக்கிறதே! காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுப்பார்கள். அதை வாங்கி, 'அரூரில் 22 மி.மீ. மழை' என்று எழுதி, கீழே வழக்கமான ஒரு வரியைச் சேர்த்துவிடுவேன்: 'இதனால் விவசாயிகள் மகிழ்ச்சி அடைந்துள்ளனர்.'

எந்த விவசாயியையும் கேட்டு அந்த வரியை எழுதியதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் மழை பெய்து வருத்தப்படுகிறவர் செங்கல் சூளைக்காரரும் கல்யாணம் வைத்திருப்பவரும்தான். ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் சராசரி 85 சென்டிமீட்டரை ஒட்டித்தான் நிற்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கறை படிந்த தலைமுறை ஒன்றே இங்கே வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் பல ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஏரி நிரம்பிக் கோடி போனால் அது திருவிழா. கலங்கலில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். நானே அப்படி எத்தனையோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

புயல் என்பது எங்களுக்குத் தொலைக்காட்சியில் பார்க்கிற விஷயம். 2011 டிசம்பரில் தானே, 2016-ல் வர்தா, 2018-ல் கஜா. கடலூரில் பலாவும் முந்திரியும் சாய்ந்ததையும், டெல்டாவில் தென்னை தலைகுப்புறக் கிடந்ததையும் டீக்கடையில் நின்று பார்த்தோம், உச்சுக்கொட்டினோம். கஜாவின்போது எங்கள் பகுதியிலிருந்து அரிசி, போர்வை, மெழுகுவர்த்தி சேர்த்து வேனில் அனுப்பினார்கள். அந்தச் செய்தியும் நான் எழுதியதுதான். கொடுக்கிற இடத்தில் இருப்பவனுக்கு ஒரு நிம்மதி இருக்கும். 'நல்லவேளை, நமக்குக் கடல் இல்லை' என்பதுதான் அந்த நிம்மதி. மற்றவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, எனக்கு அது நிறையவே இருந்தது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 48 செ.மீ., விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க டிவியில் புதுச்சேரித் தெருக்களில் படகு போவதைக் காட்டினார்கள். புயல் வலுவிழந்துவிட்டது என்றும் கீழே எழுத்து ஓடியது. எங்களுக்கோ சாரல்தான்.

அன்று தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அரூரிலிருந்து சித்தேரி மலைப் பக்கமாகப் போகிற வழியில் ஒரு கிராமம். அவள் மகளுக்கு வளைகாப்பு நாள் குறிக்கிற பேச்சு. சாயங்காலம் கிளம்பலாம் என்று செருப்பைப் போட்டபோது மழை பிடித்தது. 'இருந்துட்டுக் காலைல போங்க மச்சான்' என்றார் அவள் வீட்டுக்காரர். காற்று இல்லை, இடி இல்லை. மரம்கூட ஆடவில்லை. வானத்தைத் திறந்துவிட்டாற்போல ஒரே சீராகக் கொட்டியது. எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுப் படுத்தோம்.

நடுராத்திரிக்கு முன்பே பின்வாசல் வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. முன்வாசல் காய்ந்துதான் இருந்தது. கூரையிலிருந்து இறங்குகிற தண்ணீர் தேங்கியிருக்கும், சாக்கை மடித்துப் போட்டால் போதும் என்று நாங்கள் இரண்டு ஆம்பளைகளும் பேசிக்கொண்டிருக்கையில், தங்கச்சியின் மாமியார் கட்டிலிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளினார், முகர்ந்தார்.

'மழைத் தண்ணிக்கு நாத்தம் ஏது தம்பி? இதுல சேறும் பாசியும் அடிக்குது பாரு. இது ஏரித் தண்ணி. கோடி போயி ஓடையில எறங்கிடுச்சு. மொதல்ல ஆட்டை அவுத்து உடுங்க.'

வீட்டுக்குப் பின்னால் ஓடை இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷமெல்லாம் காய்ந்து கிடக்கும், வேலிக்காத்தான் மண்டிய பள்ளம் அது. குப்பை கொட்டுவார்கள். பையன்கள் பந்து போய் விழுந்தால் முள்ளுக்குப் பயந்து விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பழைய ஆட்களுக்கு அது ஓடை. எங்களுக்குக் கொல்லைப்புறம்.

கொட்டகையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். ஆடுகள் கத்துகின்றன. நைலான் கயிறு நனைந்து, ஆடுகள் இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகிவிட்டது. நகம் பிய்கிறதே தவிர அவிழவில்லை. மச்சான் உள்ளே ஓடிக் கருக்கரிவாளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அறுத்தார். அறுத்துவிட்டால் ஓடும் என்று நினைத்தால், ஒன்றும் நகரவில்லை. பயத்தில் அங்கேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றன. தோளில் போட்டுத்தான் மாரியம்மன் கோயில் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊரிலேயே மேடு அதுதான்.

அந்த நேரத்தில் அதே கோயிலிலிருந்து மைக் சத்தம். ஆடித் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய்தான். யாரோ ஒரு பையன் பேட்டரியை இணைத்துவிட்டிருக்கிறான். 'ஏரி கோடி போவுது. கீழ்த்தெரு ஆளுங்க, ஓடையோரம் இருக்கறவங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. மாட்டை அவுத்து உடுங்க. கரண்ட் கம்பிகிட்ட போவாதீங்க.' திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னான். போன் டவர் செத்துவிட்டது, வாட்ஸ்அப் குழுவெல்லாம் கையில் இருந்தும் பிரயோஜனமில்லை. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, சாவி பக்கத்து ஊரில். பூட்டை உடைத்தார்கள். உயிருக்குச் சேதமில்லை. அறுவடைக்கு நின்ற குச்சிக்கிழங்கு மட்டும் ஒரு வாரம் தண்ணீரில் நின்று அழுகிப் போனது. கிழங்கு மில்லில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடிந்து அரூர் வந்து சேர்ந்தபோது மழை அளவு தெரிந்தது: 33 சென்டிமீட்டர். மழைமானியில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித்தான் அளப்பது வழக்கம். 20 மில்லிமீட்டர் காட்டுகிற குவளையால் இந்த மழையை அளப்பதென்றால் பதினாறு முறை நிரப்பிக் கொட்டிவிட்டு, பதினேழாவது முறை பாதி அளவுக்கு ஊற்ற வேண்டும். எங்கள் ஊரின் ஒரு வருஷ மழையில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே நாளில் இறங்கியிருக்கிறது. பக்கத்து ஊத்தங்கரையில் அதைவிட மோசம், 50 செ.மீ. ஊத்தங்கரை 2004 வரை எங்கள் மாவட்டம்தான். கிருஷ்ணகிரியைப் பிரித்தபோது அந்தப் பக்கம் போனது. அங்கே பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முந்தைய நாள் சாயங்காலம் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரோடு புதைந்தார்கள்.

என் செய்தி மறுநாள் வந்தது. அதே பக்கத்தில் வேறொரு ஊர் ஏரி நிரம்பிய செய்தியும் இருந்தது. அதன் கடைசி வரி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

கடலிலிருந்து நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற எங்களுக்கு இது எப்படி வந்தது? பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. புயலுக்கு நாம் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்பதெல்லாம் காற்றுக் கணக்கு. தரையேறினால் காற்று குறையும், 'வலுவிழந்தது' என்பார்கள். அது சுமந்து வருகிற ஈரம் உடனே குறைந்துவிடாது. ஃபெஞ்சல் புதுச்சேரியைத் தொட்ட பிறகு பல மணி நேரம் நகராமல் நின்றது; பிறகு மெதுவாக மேற்கே வந்தது. வழியில் கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி, சேர்வராயன் என்று மலைகள். ஈரக்காற்று மலையில் மோதி மேலேறினால் குளிர்ந்து கொட்டத்தான் செய்யும். அரூரின் 33-ம் ஊத்தங்கரையின் 50-ம் புயல் 'வலுவிழந்த' பிறகு பெய்தவை.

கடற்கரைக்காரர்களுக்குத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள், 1 முதல் 11 வரை எண். எண்ணைப் பார்த்தே மீனவர் படகை மேலே இழுத்துவிடுவார். புயல் பாதுகாப்பு மையக் கட்டடங்களும் அங்கே உண்டு. எங்கள் பக்கம் அன்று ராத்திரி இருந்தது ஒரு கிழவியின் மூக்கும் ஒரு திருவிழாக் குழாயும்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் தலையில் பெய்தது எங்களோடு போகவில்லை. வாணியாறும் பாம்பாறும் ஓடைகளும் தென்பெண்ணையில் விழுந்து, சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்க வேண்டியதாயிற்று. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. புயலில் நனைந்த கடலூர்க்காரர் இரண்டு நாள் கழித்து எங்கள் மலைத் தண்ணீரிலும் மூழ்கினார். புயல் அவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று டீக்கடையில் நின்ற எனக்கு இதைப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. அதே 2024 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவில் ஹெலீன் சூறாவளி புளோரிடா கரையில் ஏறியது. பெரிய சேதம் கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, வட கரோலினாவின் ஆஷ்வில் மலைப்பகுதியில். வெயிலுக்கும் புயலுக்கும் தப்பிப் போய்க் குடியேறலாம் என்று பேசப்பட்ட ஊர் அது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலையகத்தில்தான் மண்சரிவுகள் அதிகம். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளிகளும் கடலைப் பார்த்துப் பயந்து வாழ்ந்தவர்கள் அல்ல.

தங்கச்சி ஊரில் ஃபெஞ்சலுக்கு அடுத்த புரட்டாசியில் ஒரு வேலை நடந்தது. அவள் மாமியாரையும் இன்னும் சில பெரியவர்களையும் முன்னால் விட்டு, இளவட்டங்கள் ஏரிக் கலங்கலிலிருந்து ஓடை முடியும் இடம் வரை நடந்தார்கள். தண்ணீர் எங்கே திரும்பும், எங்கே அடைக்கும் என்று அவர்கள் கைகாட்டிய இடத்தில் எல்லாம் சுண்ணாம்பு போட்டார்கள். வேலிக்காத்தானை ஜேசிபி வைத்து எடுத்தார்கள், செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள். ஓடைமேலேயே கட்டியிருக்கிற இரண்டு மூன்று கட்டடங்கள் பற்றிப் பேச்சு வந்ததும் கூட்டம் சத்தமாகிக் கலைந்துவிட்டது. அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள் யார் யார் என்று ஒரு தாள் எழுதிக் கோயிலில் ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்தின் இன்னொரு சாவி இப்போது ஊருக்குள்ளேயே இருக்கிறது. மைக் செட்டுக்குத் தனியாக ஒரு பேட்டரி. பெரிய திட்டம் ஒன்றுமில்லை, யாரும் திறப்பு விழா நடத்தவில்லை.

நான் பத்திரிகைக்கு எழுதுவதை விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் மட்டும் சுற்று வட்டார ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குக் காலையில் ஒரு சேதி அனுப்புகிறேன். நேற்று எத்தனை மில்லிமீட்டர், எந்த ஏரி கலங்கலுக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது, வாணியாறு அணையிலும் வரட்டாறு அணையிலும் எவ்வளவு தண்ணீர், மலையில் மழை உண்டா. விவசாயிகளின் மனநிலை பற்றி ஒன்றும் எழுதுவதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும் அணைத்துவிட்டுப் படுக்காதீர்கள். அதற்குப் பிறகு வரும் இரண்டு ராத்திரிதான் நம்முடையவை. 'டிஎன் அலர்ட்' செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்டையும் மாட்டையும் அன்று ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சில் கட்டுங்கள். கலெக்டர் ஆபீஸ் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. டவர் இருக்கும்போதே அழைத்துவிடுங்கள்.